அப்பாவின் லென்ஸும் இரண்டு கேமராக்களும்

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு சோம்பல் மட்டும் காரணமில்லை. "பெண்ணுக்குக் கேமரா வாங்க வேண்டும், நிக்கானா, கேனானா, ஒரே வரியில் சொல்லுடா" என்று கேட்டிருந்தாய். சொல்லியிருப்பேன். ஆனால் கடைசிப் பத்தியில், போகிற போக்கில், அப்பாவின் பழைய நிக்கான் லென்ஸ் இன்னும் பீரோவில் இருக்கிறது, அதையும் புதுக் கேமராவிலேயே மாட்டிக்கொள்ளலாம் இல்லையா என்று எழுதிவிட்டாய். அந்த ஒரு வரிதான் என்னைப் பத்து நாள் உட்கார வைத்தது.

முதலில் ஊர்ச் சேதி. மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் வெயில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் வழக்கமான கூட்டம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலும் முன்போல இல்லை. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து உன் சொந்த ஊர் ராணிப்பேட்டைக்குத் தனி கலெக்டர். ஆனாலும் எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னமும் வட ஆற்காடு என்றுதான் பேசுகிறார்கள். முட்டியில் வலி இருக்கிறது. மற்றபடி நலம்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். உன் சின்னவள் உங்கள் நாகர்கோவில் பக்கத்துத் தேரூர் குளத்துப் பறவைகளை எடுக்க வேண்டும் என்கிறாள். நீ பார்த்து வைத்திருப்பது நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டும். இரண்டுமே 2018-ல் வந்தவை. என்னிடம் இருப்பது அந்தக் கேனான். மச்சான் மகன் ரகுவிடம் அந்த நிக்கான். அதனால் எனக்குப் புத்தக அறிவு தேவைப்படவில்லை, வீட்டுக்குள்ளேயே சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்படாதே. கேனானில் 24.1, நிக்கானில் 24.2. அந்தப் புள்ளி ஒன்றுக்காகக் கடைக்காரர் பேசும் பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தது பொங்கல் கழிந்து காட்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த எருது விடும் விழாவில். உனக்கு நினைவிருக்கும், நம் பக்கம் மாட்டை யாரும் தழுவுவதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் கட்டை கட்டி, ஓடவிட்டு, நேரம் பார்ப்பார்கள். நாம் நிற்கிற இடத்தை மாடு கடப்பது இரண்டு விநாடி. என் கேனான் விநாடிக்கு 3 படம் எடுக்கும், ரகுவின் நிக்கான் 5. எனக்கு ஆறு படம், அவனுக்குப் பத்து. என் ஆறில் இரண்டு வெறும் புழுதி, ஒன்றில் எவனோ ஒருவன் தலை, இன்னொன்றில் வால். அவனுக்கு நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிய படம் ஒன்று சிக்கிவிட்டது. அதை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறான்.

ஃபோகஸ் புள்ளிகள் என் கேமராவில் 9, அவனுடையதில் 11. இரண்டிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கும் ரகம். மங்கல் வெளிச்சத்தில் அதை மட்டும் நம்பு என்று பெண்ணிடம் சொல். பேட்டரியில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. கம்பெனிக் கணக்கில் கேனானுக்கு ஒரு சார்ஜில் சுமார் 500 படம், நிக்கானுக்கு 1550. ஜவ்வாது மலைக்குப் போனபோது முந்தின இரவு சார்ஜ் போட மறந்துவிட்டேன். என் தப்புதான். மதியத்துக்கு மேல் வெறுங்கையோடு மரத்தடியில் உட்கார்ந்து ரகு படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடையும் நிக்கானில் குறைவு, பேட்டரியோடு 415 கிராம்; என்னுடையது 475. பிடி ஆழமாக இருப்பதால் சின்னக் கைக்கும் நன்றாகப் பொருந்துகிறது. வீடியோவும் அதில் விநாடிக்கு 60 பிரேம் வரை போகும், என்னுடையதில் 30.

கேனான் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. அதில் வைஃபை இருக்கிறது. எடுத்த படத்தை முழு அளவில் போனுக்கு அனுப்பலாம். நிக்கானில் புளூடூத் மட்டும்தான். அதன் வழியே தானாகப் போவது 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கிய படம். வாட்ஸ்அப்புக்கு அது போதும் என்று ரகு சொல்கிறான், நானும் மறுக்கவில்லை. அப்புறம் ஆட்டோஃபோகஸ் மோட்டார். டி3500-இன் உடம்புக்குள் மோட்டார் கிடையாது. லென்ஸில் மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும். வெறும் ஏஎஃப் என்று போட்ட பழைய நிக்கான் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். மாட்டினால் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987-ல் இஎஃப் என்று புது மவுன்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாய், கொண்டுவந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். அதில் மாட்டாத பழைய லென்ஸ்களை வைத்திருந்தவர்கள் அப்போது வயிறெரிந்தார்கள் என்பது வேறு கதை. நிக்கானோ 1959-ல் போட்ட எஃப் மவுன்டை விடவே இல்லை.

நிக்கான் விடவில்லை என்பதுதான் உன் நம்பிக்கை, இல்லையா? அப்பாவின் லென்ஸ் அப்படியே உட்காரும் என்று. உட்காரும். ஆனால் உட்கார்ந்த பிறகு பேசாது.

அந்த லென்ஸில் சிப் கிடையாது. டி3500-க்கு, தன் மேல் ஏதோ மாட்டியிருக்கிறது என்பதே தெரியாது. எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் முறையைத் தவிர வேறு எதில் வைத்தாலும் லென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டு, ஷட்டரை அழுத்தவே விடாது. எம் முறையில் படம் எடுக்கும், ஆனால் வெளிச்சத்தை அளக்காது. நீயே குத்துமதிப்பாக வைத்து, திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இதில் வேடிக்கையைக் கேள். அதே நிக்கான் லென்ஸைக் கேனான் உடம்பில் மாட்டினால் அளக்கும்! நானே முதலில் நம்பவில்லை. ரகு ஒரு வளையம் வாங்கி வந்தான், சாதாரண உலோக வளையம், உள்ளே கண்ணாடி கூட இல்லை. லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து படம் விழும் சென்சார் வரை நிக்கானில் 46.5 மில்லிமீட்டர், கேனானில் 44. நடுவில் மிஞ்சும் இரண்டரை மில்லிமீட்டரில் அந்த வளையம் உட்கார்ந்துகொள்கிறது. லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தைக் கையால் திருகி வைத்துவிட்டு, ஏவி முறையில் அழுத்தினால், உள்ளே வருகிற வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டர் வேகத்தைக் கேனானே போட்டுக்கொள்கிறது. திருப்பிச் செய்ய வழியில்லை. கேனான் லென்ஸை இப்படி வெறும் வளையத்தால் நிக்கானில் மாட்டினால் இடைவெளி கூடிப்போய்த் தூரத்தில் இருப்பது எதுவும் தெளியாது. சொந்தப் பிள்ளை முகம் கொடுத்துப் பேசாத மாமனாரை மருமகன் தாங்குவது போல என்றாள் என் மனைவி. அவள் யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே அப்பாவின் லென்ஸ்தான் முக்கியம் என்றால் கேனான் வாங்கு. பறவைதான் முக்கியம் என்றால் நிக்கான் வாங்கு. இந்த முடிச்சில்தான் நான் பத்து நாள் மாட்டிக்கொண்டேன்.

அந்த லென்ஸைச் சாதாரணமாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை, சேகர். தோல் கம்பெனி வேலையாக ஹாங்காங் போய்விட்டு வந்த உன் அப்பா, பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது அந்தக் கேமராவைத்தான். 1981-ல் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குத் திரும்பக் கொண்டுபோனார்களே, அந்தக் கூட்டத்தை எடுத்தது அதே லென்ஸ். 'இந்து' என்ற பெயரில் ஊட்டியில் செய்த பிலிம், கறுப்பு வெள்ளை. அந்தப் படங்களில் ஒன்றில் உன் அப்பாவின் செருப்பு நுனி தெரியும். ரோலில் 36 படம்தான்; நாம் இரண்டு பேரும் அந்தக் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களை எடுக்கிறேன் என்று ஒரே மாலையில் மொத்தத்தையும் தீர்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டோம். மறக்கக்கூடியதா?

ஆனாலும் நான் சொல்வது, உன் பெண்ணுக்காக வாங்கு. அவள் விரும்புவது பறவை. அதற்கு விநாடிக்கு ஐந்து படம் வேண்டும், நாள் முழுக்க நிற்கும் பேட்டரி வேண்டும், நீளமான லென்ஸ் வேண்டும். நிக்கானில் 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் இருக்கிறது. சென்சார் சின்னது என்பதால் அந்த 300, பழைய பிலிம் கணக்கில் 450-க்குச் சமம். பெயரில் விஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அது இல்லாமலும் ஒன்று வருகிறது. கை நடுக்கத்தைத் தாங்குவது அந்த விஆர்தான். கேனான் பக்கம் போனால் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் நல்ல லென்ஸ், 400-க்குச் சமம். கடைக்காரர் 75-300-ஐ எடுத்து நீட்டுவார். வாங்காதே. அதில் நடுக்கம் தாங்கும் வசதி இல்லை. இங்கே பஜாரில் ஒரு கடையில் என்னிடமும் அதைத்தான் தள்ளப் பார்த்தார்கள், பையும் ஸ்டாண்டும் இலவசம் என்று சொல்லி. பில் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது.

டி3500-ஐ 2022-லேயே நிக்கான் நிறுத்திவிட்டது. அதனால் செகண்ட் ஹேண்ட்தான் உனக்கு அகப்படும். பயப்படாதே. அந்தக் கேமராவில் எடுத்த ஒரு படத்தை அப்படியே வாங்கிக் கணினியில் பார்த்தால், இதுவரை எத்தனை முறை ஷட்டர் விழுந்தது என்ற கணக்கு படத்தின் விவரத்திலேயே இருக்கும். நிக்கானில் இது ஒரு சௌகரியம். கேனானின் மலிவு மாடல்களில் அந்த எண்ணை இவ்வளவு லேசாகப் பார்க்க முடியாது. உள்ளே கண்ணாடி இல்லாத புது ரகமான மிர்ரர்லெஸ் வாங்கிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். இரண்டு கம்பெனிகளும் இப்போது அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன, உண்மை. ஆனால் நீ எழுதிய தொகைக்கு அதில் உடம்பு வரலாம், பறவை எடுக்கிற லென்ஸ் வராது.

அப்பாவின் லென்ஸை அதற்காக பீரோவிலேயே விட்டுவிடச் சொல்லவில்லை. அளக்கத்தான் மாட்டேன் என்கிறது டி3500. ஃபோகஸ் சரியாக விழுந்ததும் வ்யூஃபைண்டரின் மூலையில் பச்சைப் புள்ளி ஒன்றைக் காட்டும். அந்த உதவி, வெறும் வளையம் மாட்டிய கேனானில் கிடையாது. நான் லைவ் வ்யூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான் திருகுகிறேன். வெளிச்சத்துக்கு, பிலிம் டப்பாவோடு ஒரு சீட்டு வருமே, சூரியன் படம் போட்டு, அதுவே போதும். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. நிழல் கூர்மையாக விழும் வெயிலில் துவாரம் எஃப் 16, லேசான மேகத்துக்கு 11, மூட்டத்துக்கு 8. உன் அப்பா அந்தச் சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தார். வேலூரில் வருஷத்தில் பாதி நாள் அந்த முதல் வரியே போதும், மீட்டர் எதற்கு! உங்கள் நாகர்கோவில் மேகத்துக்கு உன் பெண் மூன்று வரியையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அப்பாவின் அந்த 50 எம்எம் லென்ஸ் இதில் 75 போல ஆகிவிடும், முகம் எடுக்க அருமையாக இருக்கும். பாட்டியை உட்கார வைத்து எடுக்கச் சொல்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயம். உங்கள் பக்கத்து ஈரக்காற்று. இத்தனை வருஷம் பீரோவுக்குள் கிடந்த கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார். சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிந்தால், நீயாக எதையும் கழற்றாதே, எனக்கு எழுது. இங்கே பழைய ஆள் ஒருவர் இருக்கிறார், நன்றாகச் சுத்தம் செய்வார். தெளிவாக இருந்தால் மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை, துணியில் சுற்றி வைக்காதே.

துவார வளையத்தையும் கொஞ்சம் பார்த்துச் சொல். எண்கள் ஒரே வரிசையா, இல்லை பெரிதும் சிறிதுமாக இரண்டு வரிசையா? இரண்டு வரிசை என்றால் 1977-க்கு அப்புறம் வந்த மாதிரி; பிறகு எப்போதாவது நீ டி7200 போன்ற பெரிய உடம்பு வாங்கினால் அதில் அளக்கவும் செய்யும். ஒரு வரிசை என்றால் அந்தப் பெரிய உடம்பில் மாட்டவே கூடாது, உடம்பில் இருக்கும் சின்னக் கொக்கி உடைந்துவிடும். டி3500-இல் அந்தக் கொக்கியே இல்லாததால் பழசு புதுசு எல்லாம் உட்காரும். பெருமைப்பட வேண்டிய காரணம் இல்லைதான், ஆனாலும் உனக்கு உதவுகிறது.

சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறாய். லென்ஸைக் கையோடு கொண்டு வா, பெட்டியில் போடாதே. ரகுவை நிக்கானோடு வரச் சொல்கிறேன், நான் வளையத்தோடு வருகிறேன். அந்தத் தூண்கள் அங்கேயேதான் இருக்கின்றன. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் குழம்புக்கு மனைவி பொறுப்பு, ஆற்காட்டு மக்கன் பேடாவுக்கு நான். லென்ஸின் துவார வளையத்தைப் பார்த்துவிட்டு உடனே ஒரு வரி போடு.

அன்புடன்,
முரளி