தூண்டில் ஈ கட்ட நல்ல இறகு எங்கே கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிப்பதற்காக, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் தோன்றும் செயற்கை ஈ கட்டும் இளைஞர்கள், தரமான பொருள்களை எங்கே வாங்குவது என்று என்னிடம் அடிக்கடி கேட்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீரில் மிதக்கும் ஈக்கு உயிர்நாடி சேவலின் கழுத்திறகே. சந்தையில் கிடைக்கும் சாதாரணச் சேவலிறகு பெரும்பாலும் மென்மையாக இருப்பதால் நீரை உறிஞ்சி மூழ்கிவிடும். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள விட்டிங் பண்ணை இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கும் சேவல்களின் இறகோ நீளமாக, மெல்லிய தண்டும் விறைத்த இழைகளுமாக இருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரே இறகில் பல ஈக்களைக் கட்டலாம். வாங்குமுன் இறகை வளைத்துப் பார்த்தால், இழைகள் ஒரே நீளத்தில் விசிறிபோல் விரிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் இறக்குமதி விதிகளை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

பட்டு நூலும் ஜரிகையும் நம் ஊர்த் தையல் பொருள் கடைகளிலேயே கிடைக்கும். தானாக உதிர்ந்த மயில்தோகையை உள்நாட்டில் வாங்கச் சட்டம் இடமளிக்கிறது. அதன் ஏற்றுமதிக்குத்தான் தடை.

என் மனத்தை வருத்துவது சாம்பல் காட்டுக்கோழியின் நிலை. மெழுகுத் துளி சிந்தி உறைந்ததுபோல் மஞ்சள் புள்ளிகள் பளபளக்கும் அதன் கழுத்திறகைச் சென்ற ஆண்டு ஒருவர் ஈ கட்டுவதற்கென்று செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். தோலில் இரத்தம்கூடக் காய்ந்திருக்கவில்லை. நம் நாட்டுக்கே உரிய அப்பறவையை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதே தோற்றத்தில் செய்யப்படும் செயற்கை இறகு வெளிநாட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது. அதை வைத்துக் கட்டிய ஈயையும் டிரவுட் தயங்காமல் கவ்வுவதை நானே கண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உதகமண்டலம்