செவப்பு ஹேட்ச்சா வெள்ள செடானா

ஆத்தா,

நேத்து ராத்திரி நீ அனுப்புன ரெண்டு வண்டி போட்டோவும் பாத்தேன், ஒடனே பதில் போடலன்னு கோவிச்சுக்காத, போன்ல பேசுனா உங்கம்மா ஸ்பீக்கர்ல போடச் சொல்லி நடுவுல பூந்து பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு வேகமான வண்டின்னு ஆரம்பிச்சிருவா, அதான் பட்டறைய சாத்திட்டு திண்ணையில உக்காந்து ஒத்த வெரல்ல டைப் பண்ணிட்டு இருக்கேன். எழுத்து தப்பு இருந்தா நீயே சரி பண்ணி படிச்சுக்க.

வேணாம்னு சொல்லப் போறதில்ல. போன மாசம் சொன்னேன்தான், இல்லங்கல. ஆனா நீ சம்பாதிக்கிற காசு, நீ ஓட்டப் போற வண்டி. எனக்கு வேகம் புடிக்காதுன்னு மட்டும் நெனச்சிராத, கானாடுகாத்தான்ல ஒரு செட்டியார் வீட்டு கான்டெஸா நம்ம பட்டறைக்கு வரும், இசுசு இன்ஜின் போட்ட 1.8 லிட்டர் வண்டி, சர்வீஸ் முடிஞ்சு டெஸ்ட் பாக்குறேன்னு சொல்லி திருமயம் வரைக்கும் போயிட்டு வருவேன், அந்த வீட்டு ஐயாவுக்கு பெட்ரோல் முள்ள பாத்தாலே தெரிஞ்சிரும், ஆனா ஒரு நாளும் கேட்டதில்ல. அதுக்கு டர்போ கெடையாது ஒரு மண்ணும் கெடையாது, இப்ப ஓட்டிப் பாத்தா லாரி மாதிரி இருக்கும். அன்னைக்கு அது ராக்கெட்டு.

சரி வண்டிக்கு வர்றேன். செவப்பு போலோ 2021, டிக்கி தனியா பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்காத ஹேட்ச்பேக், 1.0 டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியரு. வெள்ள ஆக்டேவியா 2017, செடான், 1.8 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜிங்குற ஆட்டோமேட்டிக் கியரு. போலோகாரன் 8 லட்சம் கேக்குறான், ஆக்டேவியாகாரர் 11 லட்சம் கேக்குறாரு. நம்பர மட்டும் பாத்தா யாரா இருந்தாலும் ஆக்டேவியா பக்கம்தான் சாய்வாங்க, பவரு இது 110 பிஎஸ், அது 180 பிஎஸ், டார்க்குன்னு சொல்ற இழுவ சக்தியும் 175 என்எம் எங்க 250 எங்க. புதுசா எடுத்தப்ப அது இதப் போல ரெண்டு மடங்கு வெல, இன்னைக்கு வித்தியாசம் வெறும் 3 லட்சம். பழைய வண்டி மார்க்கெட்ல பெரிய செடானுக்கு வெல மளமளன்னு எறங்கிரும், சின்ன ஹேட்ச்பேக் எறங்காது, அதுவும் போலோவ 2022ல நிறுத்துனதுக்கு அப்புறம் பயலுக அத தங்கம் மாதிரி வச்சிக்கிட்டு வெல சொல்றானுக. ஆனா ஒன்னு, வண்டி வெலதான் எறங்குது ஆத்தா, பார்ட்ஸ் வெல எறங்குறதில்ல. 11 லட்சத்துக்கு வாங்குனாலும் சர்வீஸ்ல நீ குடுக்கப் போறது அந்த பெரிய வண்டிக்குள்ள பில்லுதான்.

நீ குதிரசக்திய பாத்துட்டு கியர்பாக்ஸ பாக்காம விட்டுட்ட, அங்கதான் எனக்கு உறுத்துது. ஆக்டேவியா 1.8ல வர்றது 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, ட்ரை கிளட்ச். ரெண்டு கிளட்ச் இருக்கும், ஒத்தப்படை கியருக்கு ஒன்னு, ரெட்டப்படைக்கு ஒன்னு, அடுத்த கியர முன்னாடியே கோத்து வச்சிக்கிட்டு மாறும்போது கண்ண மூடி தெறக்குறதுக்குள்ள மாறும். ஓட்ட ஓட்ட ஆசையா இருக்கும். ஆனா அந்த கிளட்ச் எண்ணெயில ஊறிக்கிட்டு இருக்காது, காத்துலதான் ஆறணும். நீ இருக்க கோயம்புத்தூர்ல காந்திபுரம் சிக்னல்ல சித்திரை வெயில்ல அரை அடி அரை அடியா நகத்துனா அது தேஞ்சுகிட்டேதான் இருக்கும், சூடு ஏறிக்கிட்டேதான் இருக்கும். அதுக்கு மேல மெக்கட்ரானிக்ஸ்னு ஒரு பொட்டி, அதுதான் மூளை, அது போச்சுன்னா லட்சத்த தாண்டிரும்.

இன்னொன்னு சொல்றேன் கேளு, அந்த பாக்ஸ் தாங்குறதே 250 என்எம்தான். இன்ஜினால முடியாம இல்ல. அதே குடும்பத்து 1.8 இன்ஜின ஜிடிஐன்னு போலோவோட வேகமான மாடல்ல போட்டு வெளிநாட்டுல வித்தப்ப மேனுவல் கியர் வண்டிக்கு 320 என்எம் குடுத்தான், டிஎஸ்ஜி வண்டிக்கு 250ல நிறுத்திட்டான். இன்ஜின் ஒன்னுதான், கியர்பாக்ஸுக்கு பயந்துதான் கொறச்சான். அந்த ஜிடிஐ நம்ம நாட்டுக்கும் 2016ல வந்துச்சு, 192 பிஎஸ், மூனு கதவு, 25.99 லட்சம் ரூவா, மொத்தமே 99 வண்டி, அந்த காசுக்கு நம்ம பக்கம் ஒரு மனையே வாங்கிப் போட்ருக்கலாம். இப்ப என்ன பண்றானுகன்னா பழைய 1.8 டிஎஸ்ஐய வாங்கி ரீமேப் அடிச்சு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி, டார்க்க ஏத்தி ரெண்டு மாசம் பறக்குறானுக, மூனாவது மாசம் நம்ம மாதிரி ஆளுக கிட்ட வந்து அண்ணே முதல் கியர்ல ஒதறுதுண்ணேங்குறான். ஒதறாம என்ன பண்ணும்? ஆக்டேவியாலயே ஆர்எஸ்னு 2017ல வந்த 230 பிஎஸ் வண்டிக்கு வேற பாக்ஸ், எண்ணெயில ஊறுற 6 ஸ்பீடு டிஎஸ்ஜி, 350 என்எம் வரைக்கும் அது தாங்கும். அது கெடச்சா நான் வேற மாதிரி பேசுவேன், ஆனா அது உன் பட்ஜெட்டு இல்ல, என் பட்ஜெட்டும் இல்ல.

ஹேட்ச்னா சின்னப் பசங்க வண்டி, செடான்னா பெரிய மனுசன் வண்டின்னு உங்க மாமா சொல்றத காதுல வாங்காத. நம்ம கடைக்கு வர்ற ஒரு டாக்டரு பழைய கார் பத்திரிகை கட்டு ஒன்னு குடுத்தாரு, அதுல படிச்சேன், 1976ல கோல்ஃப் ஜிடிஐ விக்க ஆரம்பிச்சப்ப அதோட பவரு 110 பிஎஸ், எடை ஏறக்கொறைய 810 கிலோ, கம்பெனிக்காரன் 5,000 வண்டி வித்தா போதும்னுதான் நெனச்சிருக்கான். உன் செவப்பு போலோவும் அதே 110தான் பாத்துக்க, எடைதான் கூட. டர்போ செடான் அதுக்கும் முன்னாடியே வந்துருச்சு, 1973ல பிஎம்டபிள்யூ 2002 டர்போன்னு ஒன்னு, 170 பிஎஸ், முன்னாடி கீழ இருக்க ஸ்பாய்லர்ல டர்போங்குற எழுத்த தலைகீழா கண்ணாடியில பாத்தா நேரா தெரியுற மாதிரி எழுதிருப்பான், முன்னாடி போறவன் மிரர்ல படிச்சுட்டு ஒதுங்கணுமாம். அம்புட்டு திமிரு. அந்த நேரம் பாத்து பெட்ரோல் தட்டுப்பாடு வந்து 1,672 வண்டியோட நின்னு போச்சு. எதுக்கு சொல்றேன்னா ரெண்டும் வேற வேற வேலைக்கு பொறந்தது.

நீ மாசம் ஒரு தடவ வர்ற ரோட்டையே எடுத்துக்க. பல்லடம் தாராபுரம் ஒட்டன்சத்திரம் திண்டுக்கல் வரைக்கும் செடான்தான் ராஜா, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்க வீல்பேஸ் நீளம், சுமாரா 2.69 மீட்டர், போலோவுக்கு 2.47தான், 100ல போகும்போது அந்த இருவது சென்டிமீட்டர் இடுப்புல தெரியும். ஓவர்டேக் எடுக்கும்போது கியர் எறக்க வேண்டாம், காலு வச்சா போதும். நத்தம் தாண்டி சிங்கம்புணரி பக்கம் வந்துட்டா கதை மாறிரும், கண்மாய்க் கரை வளைவு, குறுக்க மயிலு, ஊருக்கு ரெண்டு வேகத்தடை, அதுல ஒன்னுக்கு பெயிண்ட் இருக்காது, அங்க எடை கொறஞ்ச வண்டி சொன்ன பேச்சு கேக்கும், பிரேக் அடிச்சா நிக்கும், திருப்புனா திரும்பும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாக்கணும்னு வேற சொன்ன, 2.1 கிலோமீட்டர்ல அத்தன வளைவு இருக்க எடத்துல எடை உள்ள வண்டிய நாலு ரவுண்டு ஓட்டுனா பிரேக் பேடும் டயரும் என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மேனுவல்ல ஓட்டத்தான் நீ கத்துக்கிட்ட, அதுவும் நம்ம பழைய ஆம்னியில.

டிக்கிக்கு மட்டும் ஆக்டேவியாவ அடிச்சுக்க முடியாது. 590 லிட்டரு, போலோவுக்கு 280. அது பாக்க செடான் மாதிரி இருக்குமே ஒழிய பின்னாடி கண்ணாடியோட சேத்து முழுசா தூக்கும், ஹேட்ச் மாதிரியேதான். இத உங்கம்மா கிட்ட சொன்னதும் அவ கட்சி மாறிட்டா, மணகோலம் ஒரு டின், சீப்பு சீடை ஒரு டின், வத்தல், வடகம், கவுணி அரிசி, அப்பத்தா குடுக்குற நல்லெண்ணெய் கேன், எல்லாம் படுக்க வச்சு ஏத்தலாமாம். நீ தனியா இருக்க, ஒரு டின் சீடைய மூனு மாசம் திங்கிற, 280 லிட்டர் போதும்.

ஆனா ஹேட்ச்சுல எனக்கு இருக்க பயம் வேற. செடான வாங்குனவரு அனேகமா டாக்டரு, மில்லு ஓனரு, டிரைவர் வச்சு ஓட்டிருப்பாரு, சர்வீஸ் பில்லு பைல்ல வரிசையா இருக்கும். ஹேட்ச வாங்குனவன் பசங்க. போன வருசம் தேவகோட்டையில இருந்து ஒரு பய வந்தான், என்ன வண்டின்னு சொல்ல மாட்டேன், ரீமேப், பெரிய சைலன்சர், எல்லாம் போட்டு ஒரு வருசம் ஆட்டம் போட்டுட்டு, விக்கப் போறேண்ணே எல்லாத்தையும் கழட்டிட்டு பழசு மாதிரியே ஆக்கிக் குடுங்கன்னான். நான் முடியாதுன்னுட்டேன். வேற எங்கயோ செஞ்சிருப்பான். அந்த வண்டிய இன்னைக்கு எவனோ சிங்கிள் ஓனர், ஃபுல் ஸ்டாக்குன்னு நம்பி ஓட்டிட்டு இருக்கான்.

அதனால செவப்பு வண்டிக்கு போனா இத பாரு. நாலாவது கியர்ல 40ல மெதுவா போயி ஒரேடியா ஆக்ஸிலேட்டர மிதி, ஆர்பிஎம் மட்டும் விர்ருன்னு ஏறி வேகம் பின்னாடி ஏறுச்சுன்னா கிளட்ச் செத்துப் போச்சு, 40,000 கிலோமீட்டர் ஓடுன வண்டியில அப்படி இருந்தா ஓட்டுனவன் லட்சணம் தெரிஞ்சிரும். சைலன்சர் போல்ட்டு, ஏர் பில்டர் பொட்டி ஸ்க்ரூ இதெல்லாம் ஸ்பானர் பட்டு பளபளன்னு இருக்கான்னு பாரு. டர்போக்குப் போற பைப்ப கழட்டச் சொல்லு, எண்ணெய் லேசா படிஞ்சிருந்தா பரவால்ல, தேங்கி நின்னா வேணாம். அஞ்சு நிமிசம் ஐடில்ல விட்டுட்டு ஒரு முறுக்கு முறுக்கு, நீலப் பொக வந்தா கும்புடு போட்டுட்டு வந்துரு. 1.0 டிஎஸ்ஐ நேரா சிலிண்டருக்குள்ளயே பெட்ரோல அடிக்கிற இன்ஜின், வால்வு மேல பெட்ரோல் படாது, அதனால கரி புடிக்கும், அது பெரிய விஷயமில்ல நானே கிளீன் பண்ணித் தர்றேன். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 1821ன்னா 2021ல பதினெட்டாவது வாரம், நாலு டயரும் நாலு தேதியா இருந்தா ஏன்னு கேளு. ரெண்டு வண்டியுமே 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்தது, எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோலுக்குன்னு செஞ்சது இல்ல, ரப்பர் ஓஸெல்லாம் நான் ஒரு தடவ பாத்துத்தான் ஆகணும், எதை வாங்குனாலும் மொத சர்வீஸ் இங்கதான்.

இனிமே சொல்றது உனக்கே தெரிஞ்ச கதை. 2016 சித்திரையில நான் ஒரு டர்போ செடான் வாங்கிட்டு வந்தேன்ல, மெட்ராஸ்ல ஒரு ஆளு கிட்ட, பாதி வெலைக்கு. இத்தன வருசம் ஸ்பானர் புடிச்ச நானே அத வாங்கினேன். இன்ஜின் சத்தம் கேட்டேன், ஆயில் பாத்தேன், பெயிண்ட் பாத்தேன், எல்லாம் சுத்தம். 2015 டிசம்பர் வெள்ளத்துல அது முங்கின வண்டின்னு எனக்குத் தோணவே இல்ல, ஆசை கண்ண மறச்சுருச்சு. மாமாவ சிங்கப்பூர் பிளைட்டுக்கு திருச்சியில ஏத்தி விட்டுட்டு வரும்போது ராத்திரி ஒரு மணிக்கு திருமயம் கோட்டைய தாண்டி மொத்த லைட்டும் அணைஞ்சு நின்னுச்சு. உங்கம்மா பின்னாடி உக்காந்து ஒரு வார்த்த பேசல, அவ வளையல வச்சு எடுத்த வண்டி அது. நீ பத்தாம் வகுப்பு, போன்ல டார்ச் அடிச்சுக்கிட்டு நின்ன. வயரிங் கனெக்டர கழட்டுனா உள்ள பூரா பச்சையா பூத்துக் கெடந்துச்சு. அது என்னப்பா பச்சைன்னு நீ கேட்ட, செம்பு அரிச்சா அப்படித்தான் இருக்கும்னேன், ஏன் அரிச்சுச்சுன்னு கேட்ட, தண்ணின்னேன், தண்ணி எப்படி உள்ள வந்துச்சுன்னு கேட்ட. அதுக்கு மேல நான் பதில் சொல்லல. விடிஞ்சதும் நம்ம பட்டறையில வச்சு சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தோம், உள்ள சுருண்டு கெடந்த பாகத்துல சேறு கோடு போட்டாப்புல இருந்துச்சு. வித்தவன் எல்லாத்தையும் கழுவிட்டான், பெல்ட்ட இழுத்துப் பாக்கணும்னு அவனுக்கும் தோணல எனக்கும் தோணல. உனக்குத்தான் தோணுச்சு, நெனப்பிருக்கா? நீதான் இழுத்த.

அதனால நான் கேட்டா செவப்புதான் சொல்லுவேன், மேனுவல், எடை கொறவு, ஒடஞ்சா நம்ம கையால சரி பண்ணலாம், மிச்சம் இருக்க 3 லட்சத்துல ஒன்ற லட்சத்த தொடாம பேங்க்ல வையி. ஆனா அது ரீமேப் அடிச்ச வண்டின்னு தெரிஞ்சு, வெள்ள வண்டிக்காரரு பில்லு பைல எடுத்து நீட்டி, கிளட்ச் மாத்துன பில்லும் அதுல இருந்துச்சுன்னா, வெள்ளய ஓட்டிப் பாத்துட்டு எனக்கு சொல்லு, அப்ப பேசலாம். ரெண்டும் சரியில்லன்னா பஸ்ல வா.

சனிக்கிழமை காலையில போறன்னு சொன்னேல்ல, வெள்ளிக்கிழமை ராத்திரியே ரெண்டு பேருக்கும் போன் போட்டு நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிரு, போனதும் மொதல்ல பானட்டு மேல கைய வச்சு சூடு இருக்கான்னு பாரு, இருந்துச்சுன்னா அத்தோட கெளம்பு. இல்லன்னா எனக்கு வீடியோ கால் போடு, உங்கம்மா பிள்ளையார்பட்டிக்கு போயிருப்பா, நான் பட்டறைய தெறக்காம காத்துக்கிட்டு இருப்பேன். அஞ்சு பெல்ட்டயும் இழுத்துக் காட்டு, நடுவுல இருக்கதையும்.

அப்பா