ஐந்தொகை பார்க்காமல் ஒப்பம் இடாதீர்கள்: தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும் சேர்த்தே இதைக் காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். யார் எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை. ஊருக்கு இதைச் செய்யுங்கள், அதைக் கொண்டுவாருங்கள் என்று கேட்கும் மனுவும் இல்லை. என் வாழ்நாள் முழுக்கக் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். கணக்குப் பார்ப்பது பற்றி மட்டுமே பேச வருகிறேன்.

எங்கள் ஐயா 14 வயதில் கப்பலேறி பர்மாவின் மோல்மீனுக்குப் போனவர். பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகி, அடுத்தாளாகி, கடைசி மூன்று வருஷத் தவணையில் கடையை நடத்தும் மேலாளாக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். அந்த வட்டிக்கடையின் முதலாளி தேவகோட்டைப் பக்கத்துக்காரர். அவர் பர்மாவைக் கண்ணால் பார்த்ததே இல்லையாம். ஆனால் எந்த ஊர்க் குடியானவனிடம் எவ்வளவு நிற்கிறது, எந்தத் தவணை தாண்டிப்போயிற்று, வட்டி வரவு என்ன என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். தபாலில் தவறாமல் வரும் ஐந்தொகைதான், அதாவது கடையின் வரவு செலவு நிலுவையைத் தொகுத்த கணக்குதான் காரணம். வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பார். சந்தேகம் வந்த வரியில் பென்சிலால் ஒரு சுழி போடுவார். அடுத்த கப்பலில் கேள்வி போய்விடும். “என்னைத் திருடன் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் ஒரு மாதமும் கேள்வி வராமல் இருந்ததில்லை” என்று ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

டெல்லியில் இருக்கும் ஏற்பாடும் இதுவே. பணம் எங்களுடையது. செலவழிக்கப் பவர் பத்திரம் பெற்றிருப்பது அரசு. ஐந்தொகையைப் பார்க்க நாங்கள் அனுப்பி வைத்தவர்கள் நீங்கள். அரசியல் சாசனம் இதை அழுத்தமாகவே எழுதி வைத்திருக்கிறது. சட்டம் போடாமல் வரி வாங்கக் கூடாது என்கிறது 265ஆவது பிரிவு. வந்த வரியெல்லாம் இந்தியத் தொகுப்பு நிதிக்குள் போகும். நாடாளுமன்றம் சட்டமாக ஒதுக்கித் தராமல் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது என்கிறது 114. அமைச்சகங்கள் செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் ஒவ்வொரு மானியக் கோரிக்கையையும் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம் என்று 113ஆவது பிரிவு அதிகாரம் கொடுத்திருப்பது மக்களவைக்கு மட்டும். மாநிலங்களவை விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. இவ்வளவு பெரிய சாவி உங்கள் கையில் இருக்கிறது.

பட்ஜெட் என்றால் எங்களுக்கெல்லாம் நிதியமைச்சரின் உரைதான் நினைவுக்கு வருகிறது. 2017 முதல் பிப்ரவரி 1ஆம் தேதி காலை தொலைக்காட்சியில் பார்க்கிறோம். தங்கத்துக்குச் சுங்கம் குறைந்ததா, வருமான வரி வரம்பு ஏறியதா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். பத்திரிகைகளும் அன்றோடு முடித்துக்கொள்கின்றன. ஆனால் அன்று நடப்பது ஏட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது மட்டுமே. பார்க்கிற வேலை அதன் பிறகுதான் தொடங்க வேண்டும். அவை சில வாரம் இடைவேளை விட்டிருக்கும்போது துறைசார் நிலைக்குழுக்கள் ஒவ்வொரு அமைச்சகத்தின் கோரிக்கையையும் பிரித்துப் பார்க்கின்றன. மொத்தம் 24 குழுக்கள், குழுவுக்கு 31 பேர். மார்ச்சில் அவை மறுபடி கூடும்போது சில அமைச்சகங்களின் கோரிக்கைகளை எடுத்து விவாதிக்கிறார்கள். மீதியை, குறித்த நாளில் குறித்த மணிக்குச் சபாநாயகர் ஒரே கட்டாகக் கட்டி வாக்குக்கு விடுகிறார். ஆம் என்போர் ஆம் என்கிறார்கள், முடிந்துவிடுகிறது. இதற்கு அவையில் வழங்கும் பெயர் கில்லட்டின்.

கில்லட்டின் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி சம்பளம் போக வேண்டும், ராணுவத்துக்கு ரொட்டி போக வேண்டும். விவாதம் ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் கட்டுக்குள் போவது எவ்வளவு என்று பாருங்கள். 2018 மார்ச் 14 அன்று ஏறக்குறைய 89 லட்சம் கோடி ரூபாய்க்கான ஒதுக்கீட்டு மசோதாவும் நிதி மசோதாவும் அமளிக்கு நடுவே சுமார் அரை மணி நேரத்தில் நிறைவேறின. ஒரு துறையின் கோரிக்கைகூட விவாதிக்கப்படவில்லை. 2023 மார்ச்சிலும் அப்படியே. 2013லும் அப்படித்தான் நடந்தது. அப்போது ஆண்டது வேறு கட்சி, நிதியமைச்சர் எங்கள் கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம். ஆகவே ஒரு கட்சியின் மேல் பழியைப் போட்டுவிட்டு யாரும் நகர முடியாது. 2019 முதல் 2023 வரை பார்த்தால், சராசரியாகப் பட்ஜெட்டில் 80 சதவீத அளவு விவாதமின்றியே வாக்கெடுப்புக்குப் போயிருக்கிறது. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரி 135 நாள் கூடியது. 17ஆவது மக்களவைக்கு அது 55 நாள்.

எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு. இன்றைக்கும் அதற்கான பணம் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கோரிக்கை வழியாகத்தான் வருகிறது. 2018லும் 2023லும் அந்தக் கோரிக்கையும் கட்டோடு கட்டாகப் போயிற்று. ஆய்வு நிலையத்துக்குக் கிடைத்தது போதுமா போதாதா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு தனி மனிதர் தம் சொத்தைப் பிரித்துக் கொடுத்து உருவாக்கிய இடத்தின் செலவைப் பற்றி, அதற்கென்றே இருக்கும் நேரத்தில் ஒரு வார்த்தை பேசப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் அனுபவத்தில் அறிந்திருக்கிறேன். எங்கள் ஊர் நகரச் சிவன் கோயிலில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. நான் காரியக்காரராக இருந்த ஆண்டில் நகரக் கூட்டத்தில் கணக்கு வாசித்தேன். ஒரு பெரியவர் எழுந்து, “விளக்கெண்ணெய்ச் செலவு போன வருஷத்தைவிட ஏன் கூடியிருக்கிறது?” என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பதில் என்னிடம் இருந்தது. ஆனால் இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. பிறகு வேறு சிலர் பொறுப்பில் இருந்த ஓர் ஆண்டு. திருவிழா மரியாதையில் தகராறு வந்து கூட்டத்தில் ஒரே கூச்சல். கணக்கை யாரும் வாசிக்கவில்லை, “சரி, சரி” என்று சொல்லிக் கலைந்துவிட்டோம். கோயில் பெயரில் இருந்த ஒரு வைப்புத்தொகை முதிர்ந்து, புதுப்பிக்கப்படாமல் கிடந்தது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வட்டி போயிற்று. யாரும் திருடவில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கூச்சலில் நானும் இருந்தேன் என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

இப்போது மகமைக்கு வருகிறேன். இந்த விஷயம்தான் என்னை மடல் எழுத வைத்தது. செட்டிநாட்டுக் கடைகளில் வியாபாரத்தில் வரும் பணத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்குவார்கள். அது சாமி பெயரில் தனிப் பற்று வரவாக ஏட்டில் நிற்கும். ஐயாவின் பேரேடு ஒன்று இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. பிள்ளையார் சுழிக்கும் சிவமயத்துக்கும் கீழே முதல் பற்று வரவே மகமைதான். கடை நொடித்த ஆண்டில்கூட அந்தப் பணத்தை எடுத்து வேறு கடனை அடைக்கவில்லை. கோயிலுக்கென்று வாங்கியது கோயிலுக்குத்தான்.

ஒன்றிய அரசு வாங்கும் செஸ் என்பதும் மகமை மாதிரியே. கல்விக்கு, சாலைக்கு, சுகாதாரத்துக்கு என்று பெயர் சொல்லி எங்களிடம் வாங்குகிறார்கள். செஸ் வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிட வேண்டியதில்லை என்பதால், எதற்கு வாங்கினோமோ அதற்கே செலவாகிறதா என்று பார்க்கும் கடமை இரட்டிப்பாகிறது. 2018-19இல் செஸ், தீர்வை, பிற கட்டணம் என்று 35 இனங்கள் வழியாக வந்தது 2,74,592 கோடி ரூபாய். அதில் உரிய நிதிகளுக்கு மாற்றப்பட்டது 1,64,322 கோடி மட்டுமே. மீதி தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது. இதைச் சொன்னது எதிர்க்கட்சி இல்லை, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். மாநிலங்களின் இழப்பை ஈடுகட்ட வாங்கிய ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸில், முதல் இரண்டு ஆண்டுகளில் 47,272 கோடி அதற்கான நிதிக்குப் போகவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. எங்கள் ஐயாவின் முதலாளி இருந்திருந்தால் அந்த வரியில் சுழி போட்டிருப்பார். நீங்கள் ஒவ்வொருவரும் போட்டிருக்க வேண்டிய சுழி அது.

வட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50,65,345 கோடி. வட்டிக்கு மட்டும் 12,76,338 கோடி, ஏறக்குறைய கால்வாசி. வட்டிச் செலவு தொகுப்பு நிதியின் மேல் சாட்டப்பட்டது, அதற்கு வாக்கெடுப்பே கிடையாது. ஆனால் வாக்கில்லாவிட்டாலும் விவாதிக்கலாம் என்று 113ஆவது பிரிவே சொல்கிறது. நிதிப் பற்றாக்குறையை 2021 மார்ச்சுக்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம் என்று நீங்களே சட்டத்தில் எழுதினீர்கள். 2025-26 மதிப்பீட்டில் அது 4.4. கொரோனா வந்தது, எல்லாருக்கும் தெரியும். இலக்கு தவறினால் அமைச்சர் அவையில் விளக்கம் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த விளக்கத்தைக் கேட்டு எதிர்க்கேள்வி கேட்க ஆள் வேண்டாமா?

செலவு முடிந்த பிறகு பிடிப்பதற்கும் வழி இருக்கிறது. தணிக்கையாளர் அறிக்கை வரும், பொதுக் கணக்குக் குழு அதை விசாரிக்கும். அந்தக் குழுவுக்கு நூறு வயது தாண்டிவிட்டது, 1921இல் பிறந்தது. 22 பேரில் 15 பேர் உங்கள் அவைக்காரர்கள். 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவர். நல்ல ஏற்பாடு. ஆனால் அது வருவதற்குள் பணம் போய்ச் சில வருஷம் ஆகியிருக்கும். 2017-18இல் 13 இனங்களில் நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் 1,156.80 கோடி செலவாகியிருக்கிறது என்று தணிக்கையாளர் எழுதியது 2019இல். ஒதுக்கியதற்கு மேல் செலவழித்திருந்தால், குழு காரணம் கேட்டு, அவை பின்னால் ஒப்புதல் தந்து வரவு செலவைச் சரிக்கட்டும். அறுவடைக்குப் பிறகு வரப்பு வெட்டுவது மாதிரி. வரப்பு வேண்டும்தான், அதை முதலிலேயே வெட்ட வேண்டிய காலம் மார்ச் மாதம்.

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை. கோரிக்கைத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் ஒன்று நிறைவேறினால் அரசே நம்பிக்கை இழந்ததாக அர்த்தமாகும். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித்தாவல் சட்டத்தில் பதவி போகும். ஆகவே வாக்கு உங்கள் கையில் முழுதாக இல்லை. ஆனால் கேள்வி உங்கள் கையில் இருக்கிறது. நிலைக்குழுக் கூட்டத்துக்குள் கேமரா இல்லை, கொறடாவும் இல்லை. செயலாளர் எதிரே உட்கார்ந்திருப்பார், ஏடு மேசையில் இருக்கும். போன ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவழித்தீர்கள், ஏன் மீந்தது, மார்ச் மாதம் மட்டும் ஏன் இவ்வளவு பில் பாஸானது என்று கேட்கலாம். மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேல் செலவு போகக் கூடாது என்பது நிதி அமைச்சகமே போட்ட வரம்பு.

உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே. எந்த அமைச்சகத்தை விவாதிக்கலாம் என்று அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும்போது, உங்கள் கட்சித் தலைவர்கள் மூலம் நாட்களைக் கூட்டிக் கேளுங்கள். அமளி செய்ய நியாயமான காரணம் உங்களுக்கு இருக்கலாம். மானியக் கோரிக்கை நடக்கும் நாட்களை மட்டும் அதற்குப் பலி கொடுக்காதீர்கள். கூச்சலில் கணக்கு வாசிக்காமல் போனால், கணக்கு கொடுக்க வேண்டியவருக்குத்தான் அது வசதி. செஸ் பணம் எங்கே போயிற்று என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேளுங்கள். நீங்கள் எந்த நிலைக்குழுவில் இருக்கிறீர்கள், எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள், என்ன கேட்டீர்கள் என்பதைத் தொகுதி மக்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.

பட்ஜெட் தொடரின் இடைவேளை பெரும்பாலும் மாசி மாதத்தில் வருகிறது. அப்போது இந்தப் பக்கம் வர நேர்ந்தால் தகவல் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பட்டாலையில் பாய் விரித்துப் போடுகிறேன். பெட்டகத்திலிருந்து ஐயாவின் பேரேட்டை எடுத்து வைக்கிறேன், எழுத்து இன்னும் அழியவில்லை. நீங்கள் உங்கள் குழுவுக்கு வந்த மானியக் கோரிக்கைப் புத்தகத்தை எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
காரைக்குடி