பனி உருகினால் மீன் பெருகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

துருவக் கடல்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு இவ்வளவு பக்கங்கள் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி உறுத்துகிறது. பனி விலகினால் வெயில் உள்ளே இறங்கும், பாசி பெருகும், அப்புறம் மீனும் பெருகும் என்று இருந்தது. முதல் பாதி சரி. 1998-க்கும் 2018-க்கும் இடையில் ஆர்க்டிக் கடலின் நுண்பாசி உற்பத்தி 57 சதவீதம் கூடியதாகச் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். மீன் விஷயம் அவ்வளவு நேராக நடப்பதில்லை.

பாசி எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எப்போது வருகிறது என்பதும் அங்கே முக்கியம். கடற்பனியின் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஒருவகைப் பாசி வளர்கிறது. நீண்ட இருட்டுக்குப் பிறகு முதலில் கிடைக்கும் தீனி அதுதான். கலானஸ் கிளேசியாலிஸ் என்ற கோபெபாட், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓட்டுடலி, அதைத் தின்று முட்டையிடுகிறது. குஞ்சுகள் பொரிந்து, இரை தேடும் பருவத்தை எட்டும்போது பனி விலகி, திறந்த நீரில் அடுத்த பாசி பெருகும். பனி முன்கூட்டியே உருகினால் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில வார இடைவெளி சுருங்கிவிடுகிறது. குஞ்சுகள் தயாராவதற்குள் தீனி தீர்ந்துபோகிறது.

இந்தச் சின்ன உயிரின் உலர் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாக இருக்கக்கூடும். அந்தக் கொழுப்பை நம்பித்தான் ஆர்க்டிக் காட் மீன் வாழ்கிறது. அந்த மீனை நம்பி சீல், சீலை நம்பி துருவக்கரடி. நீர் சூடாகும்போது தெற்கிலிருந்து கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்ற உறவுக்கார இனம் பரவுகிறது. அது உருவில் சிறியது, கொழுப்போ பல மடங்கு குறைவு. எண்ணிக்கை குறையாவிட்டாலும், ஒவ்வொரு வாயிலும் சத்து குறைகிறது. இதைத்தான் அந்தக் கட்டுரை விட்டுவிட்டது.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலின் பனி நண்டுகளையும் பாருங்கள். 2018, 2019 ஆண்டுகளின் கடல் வெப்ப அலைக்குப் பிறகு அங்கே 1,000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் காணாமல் போயின. 2022-இல் அலாஸ்கா அந்த நண்டுப் பிடிப்பையே முதல் முறையாக நிறுத்தியது. அந்த நீரின் சூடு நேரடியாகக் கொல்லும் அளவுக்கு இல்லை. சூடு கூடியதால் நண்டின் உடலுக்கு அதிகத் தீனி தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை. பட்டினியால் மாண்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. இதைப் படித்ததிலிருந்து 'பனி போனால் மீன் பெருகும்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

தென்துருவத்தில் அந்தக் கோபெபாடின் இடத்தில் இருப்பது கிரில் என்ற இறால் போன்ற சின்ன உயிர். அதன் இளம் பருவம் குளிர்காலத்தைப் பனிக்கு அடியில், பனிப்பாசியைத் தின்றுதான் கழிக்கிறது. பென்குவின், சீல், திமிங்கிலம் எல்லாமே கிரிலைத்தான் தின்கின்றன. பனி குறையும்போது நாம் பிடிக்கும் கிரிலையாவது பார்த்துப் பிடிக்க வேண்டாமா? அந்தப் பிடிப்பு ஒரே இடத்தில் குவியாமல் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்த விதி 2024-இல் காலாவதியானது. நாடுகள் உடன்படாததால் அது புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே 6,20,000 டன் வரம்பை எட்டி, பருவம் முடியும் முன்னரே பிடிப்பை மூட வேண்டியதாயிற்று.

இந்த விதிகளைத் தீர்மானிக்கும் அண்டார்க்டிக் கடல்வாழ் வளப் பாதுகாப்பு ஆணையம் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூடுகிறது. துருவக்கரடியின் படத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை அந்தக் கூட்டத்துக்கும் கொடுங்கள். எந்த நாடு எதற்குக் குறுக்கே நின்றது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்