‘பிரேக் பிடிக்காததால்’ என்று எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதை விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் உங்கள் நாளிதழில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த வாகனம்’. பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பது அடுத்த நாள் செய்தியிலும் வராது. கடந்த மாசி மாதம் நானே அந்த வரிக்குள் போயிருக்க வேண்டியவன். அதனால்தான் எழுதுகிறேன்.

கொல்லிமலையில் மிளகும் கொஞ்சம் காப்பியும் வைத்திருக்கிறேன். என் அப்பா ஏலத்தில் எடுத்த 1967ஆம் ஆண்டு மகிந்திரா ஜீப்தான் இன்னும் எங்கள் வீட்டு வண்டி. பானெட் உயரமாக இருக்கும் சிஜே 3பி மாடல். அமெரிக்காவில் 1953இல் வந்து 1968இல் நின்றுபோனது. இங்கே அதற்குப் பிறகும் செய்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக், ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது), ஒரே ஆயில் லைன். இப்போதைய வண்டிகளில் ஒரு லைன் போனாலும் இன்னொன்று பாதி பிரேக்காவது கொடுக்கும். இதில் அந்தப் பேச்சே இல்லை. ஓரிடத்தில் போனால் எல்லாம் போச்சு.

தை மாதம் மிளகு பறிப்புக்கு முன்னால் பிரேக் வேலை பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, அந்த ஆயில் வந்து தள்ள ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் நான்கு, எல்லாம் புதிதாக வாங்கினேன். பழையதில் துரு ஏறிக் குழி விழுந்திருந்தது, அதனால்தான். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் கடைக்காரர் செய்த சரக்கு இல்லை அது, அவரும் எங்கோ வாங்கி விற்கிறவர். அட்டைப்பெட்டி மட்டும் அழகாக இருந்தது. ‘ஜெனுவின்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். யார் செய்தது, எந்த ஊரில், எந்த மாதம் என்று ஒரு எழுத்து இல்லை. கேட்டதற்கு, “அண்ணா, பழைய ஜீப்புக்கெல்லாம் இதுதானுங்க வருது, வேணும்னா எடுத்துக்கங்க” என்றார். பில்லுக்குப் பதில் துண்டுச்சீட்டு. சரி என்று எடுத்து வந்தது என் தவறு.

முதல் மூன்று வாரம் பிரேக் பிரமாதம். தொட்டால் நின்றது. போகப்போக பெடல் இன்னும் மேலேயே கல் மாதிரி நிற்க ஆரம்பித்தது. அதை நல்ல பிரேக் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அன்றைக்கு இரண்டு மூட்டை மிளகோடு நானும் மனைவியும் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதிக்கும் கீழே வந்த பிறகு, “ஏனுங்க, ஏதோ தீயுற வாசம் வருது” என்றார் அவர். புது லைனிங், பழகுகிறது என்றேன். அடுத்த வளைவுக்கு முன்னால் காலை வைத்தால் பெடல் பலகை வரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தேன், தண்ணீரில் மிதித்த மாதிரி இருந்தது. நல்லவேளை இரண்டாவது கியரில்தான் வந்துகொண்டிருந்தேன். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. பின்சக்கரங்களைச் சுற்ற வைக்கும் நீளத் தண்டு, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் தலையில் தனி ட்ரம், கம்பியால் இழுப்பது, பிரேக் ஆயிலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஓடும் வண்டியில் அதை இழுக்கக்கூடாது என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், ஜாயின்ட் முறியும் என்று. அன்றைக்கு இழுத்தேன். மலைப்பக்க வடிகாலில் முன்சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். மட்கார்டு நெளிந்தது, ஒரு மூட்டை அவிழ்ந்து மிளகு ரோட்டில் கொட்டியது. மனைவி ஒன்றும் பேசாமல் இறங்கி மிளகைக் கூட்ட ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து வண்டி ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாக வந்துவிட்டது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். விபத்து நடந்து, மறுநாள் யாராவது வந்து அந்தப் பெடலை மிதித்துப் பார்த்திருந்தால், ‘பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, டிரைவர் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

வண்டியைக் கீழே கட்டி இழுத்துப் போய், நாமக்கல்லில் எனக்குப் பழக்கமான பட்டறையில் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தோம். உள்ளே இருக்கும் ரப்பர் கப், தை மாதம் விரலால் தள்ளியே போட்டது, இப்போது கொறடு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. பழைய கப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊறாத கொண்டைக்கடலைக்கும் ஊறின கொண்டைக்கடலைக்கும் உள்ள வித்தியாசம்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டன் பின்னால் வரும், கப்பின் விளிம்பு அந்தத் துளையைத் திறந்துவிடும், ஆயிலும் அழுத்தமும் மேலே இருக்கும் டப்பாவுக்குத் திரும்பிவிடும். கப் பருத்துவிட்டால் விளிம்பு துளையை மூடியபடியே நிற்கும். காலை எடுத்தாலும் பிரேக் விடாது. சக்கரத்தை நிறுத்த ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ, அதை உரசிக்கொண்டே இருக்கும், ட்ரம் சூடாகும், சூட்டில் ஆயில் விரியும், விரிந்தால் இன்னும் இறுக்கும். டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது கணக்கு. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 140 டிகிரிதான். எழுபது வளைவு இறக்கத்தில் உரசிக்கொண்டே வந்தால் எவ்வளவு நல்ல ஆயிலும் எத்தனை நேரம் தாங்கும்? கொதித்து ஆவியானால், ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பலகைக்குப் போகும். ஆறினால் ஆவி அடங்கும், பெடல் திரும்பி வந்து ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கும்.

“ஆயில் மட்டமாக இருக்கும்” என்றார் பட்டறைத் தம்பி. நியாயமான சந்தேகம். மினரல் ஆயில் கலந்தாலும், டீசலில் கழுவினாலும் இந்த ரப்பர் ஊதத்தான் செய்யும். அதனால் அதே பாட்டில் ஆயிலில் பேர்பெற்ற கம்பெனியின் கப் ஒன்றையும், அந்தப் பெயரில்லாத பெட்டியோடு வந்த உபரிக் கப் ஒன்றையும் தனித்தனி ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, பத்து நாள் வைத்தோம். கம்பெனிக் கப்பில் வெர்னியர் அளவுகோலுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. மற்றது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பருத்திருந்தது.

அப்புறம் வீல் சிலிண்டரையும் அளந்தோம். அங்கே இன்னொரு வேடிக்கை. என் ஜீப்பில் முன்சக்கர சிலிண்டரின் துளை ஒரு அங்குலம், பின்சக்கரத்தில் முக்கால் அங்குலம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாயும், அதனால் பின்பக்கம் குறைவாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். புதிதாக வந்த நான்குமே ஒரு அங்குலம்! ஒரே அளவில் கடைந்து தள்ளினால் செலவு மிச்சம்தானே. பரப்பளவுக் கணக்குப் போட்டால் பின்சக்கரத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு விசை. தை மாதத் தூறலில் ஒருநாள் பின்பக்கம் சறுக்கியதற்கு டயரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் டயர்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், தூக்கிப் போட்டிருந்த பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர்களைச் சாக்கிலிருந்து எடுத்தோம். நாமக்கல் லாரி ஊர், நல்ல லேத்துக்குப் பஞ்சமில்லை. குழி விழுந்த உட்பக்கத்தைக் கடைந்து, பித்தளைக் குழாய் இறக்கி, சரியான அளவுக்குத் தேய்த்துக் கொடுத்தார் ஒரு பெரியவர். ஒரு சிலிண்டருக்கு 450 ரூபாய். கடையில் புதிது 380 ரூபாய். பித்தளை துருப்பிடிக்காது. ரப்பர் மட்டும் பில்லோடு, கம்பெனிப் பெயரோடு வாங்கினேன். பெடலில் அரை அங்குலம் சும்மா ஆட்டம் வைத்திருக்கிறேன். வளைவுக்கு வளைவு நிறுத்தி ட்ரம்மைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

பழைய வண்டியைத் தூக்கிப் போடச் சொல்லி யாராவது பதில் எழுதுவார்கள். ஐம்பது வருடம் தாண்டிய வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம் என்று 2021இல் விதி வந்தது. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக்கூடாது. எனக்குக் கண்காட்சிக்கு ஜீப் வேண்டாம், தோட்டத்துக்கு வேண்டும். எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனையிலும் இந்தக் கோளாறு மாட்டாது. பதிவைப் புதுப்பிக்கும்போது சமதரையில், ஆறிய வண்டியில் பிரேக் பார்க்கிறார்கள். அங்கே என் பருத்த கப்பும் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும்.

ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி, சில்லறையில் விற்கும் பெட்டியில் தயாரித்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் இருந்தாக வேண்டும். நம் மாநிலத்தில் இதைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறை. சந்தையில் என் மிளகை நிறுக்கும் தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் அதே துறைதான். அந்த அதிகாரிகள் ஒருநாள் தராசை விட்டுவிட்டு உதிரிபாகக் கடைகளில் பிரேக் பெட்டிகளைப் புரட்டிப் பார்க்கட்டும். பெயரில்லாத பெட்டியால் கைகால் போனவன், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்?

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ‘பிரேக் பிடிக்காததால்’ என்று எழுதும்போது, மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தார்களா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். பருத்துப்போன கப் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டுக்கே வரலாம். ஊறுகாய் பாட்டில் ஜன்னலோரம்தான் இருக்கிறது, மனைவி இரண்டு தடவை எடுத்து வீசப் பார்த்தார்.

இப்படிக்கு,
ஒரு மிளகு விவசாயி,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.
(பெயர் வேண்டாம். அந்தக் கடைக்காரர் இன்னும் என் வழியில்தான் இருக்கிறார்.)