காபி மெஷினுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழுத்தத்தில் காபி இறக்கும் எஸ்பிரெஸோ மெஷின் வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 15 பார் என்ற அழுத்த அளவைத்தான் பார்க்கிறார்கள். காபி இறங்க 9 பார் போதும். ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. போர் தண்ணீர் ஒரே உப்பு, சுண்ணாம்பும் கூட. அதை ஊற்றி எட்டே மாதத்தில் என் மெஷின் உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டது. சிட்ரிக் அமிலம் போட்டால் சுண்ணாம்பு கரையும், சரி. உப்பு அரித்த உலோகம் திரும்ப வருமா? விற்ற கடையில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இப்போது குடம் குடமாக வாங்கும் நல்ல தண்ணீரில், அம்மாவின் பித்தளை ஃபில்டரில்தான் டிகாக்‌ஷன் இறக்குகிறேன். மெஷின்தான் வேண்டும் என்பவர்கள், ராமநாதபுரத்திலேயே பழுது பார்க்க ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, மண்டபம்