மகள் மாநாட்டுக்குப் போகட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது, கோபித்துக்கொள்ளாதே. முதுகுவலியைக் கேட்டிருந்தாய், வயசு போகிறது, அது போகவில்லை.

ஒரு சான்றிதழுக்காக உன் மகள் தன் ஆய்வைத் தூக்கிக்கொண்டு உளவியல் மாநாடு வரைக்கும் அலைய வேண்டுமா என்கிறாய். சான்றிதழை விடு, என்னுடையது எங்கே கிடக்கிறதென்றே தெரியாது. படிக்கிற காலத்தில் ஒரு மாநாட்டில், தூக்கமும் ஞாபகமும் பற்றிய என் ஆய்வை ஒரே பெரிய தாளில் சுருக்கி போஸ்டராக மாட்டினேனே, நினைவிருக்கிறதா? இரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றேன். முக்கால்வாசிப் பேர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். ஒரு அம்மா மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வரைபடத்தில் விரலை வைத்து, "இவர்களை எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள்?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. விடுதி மாணவர்களைக் காலையிலும் மற்றவர்களை மதியத்திலும் சோதித்திருந்தேன். குறைவாகத் தூங்கியவர்களில் பெரும்பாலோர் விடுதிக்காரர்கள். ஞாபகம் குறைந்தது தூக்கத்தாலா, நேரத்தாலா? கைடும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. திரும்பி வந்து நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் பாதியாகிவிட்டது. ஒரு அத்தியாயத்தையே மாற்றி எழுதினேன். அது வாய்மொழித் தேர்வில் வெளிப்பட்டிருந்தால்!

அவள் தயங்குவது "முடிவு ஒன்றும் வரலையே" என்றுதானே? இப்படி எதிர்பார்த்த விளைவு தென்படாத ஆய்வுகளெல்லாம் மேசை இழுப்பறையிலேயே முடங்குகின்றன என்று உளவியலாளர் ராபர்ட் ரோசென்தால் 1979-லேயே எழுதினார். அச்சேறியவை மட்டும் என்ன வாழ்ந்தது? அப்படிப்பட்ட 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி தேறும் முடிவு மறுபடி வந்தது. இழுப்பறையைத் திறக்க போஸ்டர் அரங்கைவிட எளிய இடம் கிடையாது. "நாங்களும் செய்தோம், எங்களுக்கும் வரவில்லை" என்று ஒருவர் வந்து நின்றால் போதும், அடுத்த ஆய்வுக்கு அவளுக்குத் துணை கிடைத்துவிடும்.

மேடை பயம் வேறு என்கிறாய். நம் நடுக்கம் நாம் நினைக்கிற அளவுக்கு அடுத்தவருக்குத் தெரிவதில்லை. இதைப் பேசப்போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பேச்சே மேம்படுகிறது என்று சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் காட்டினார்கள். அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். நீதான் உன் பதற்றத்தை அவள் தலையில் ஏற்றாமல் இரு.

வேண்டுமானால் ஒன்று செய். போஸ்டரை உன்னிடம் இரண்டே நிமிடத்தில் சொல்லிப் பழகட்டும். உனக்கே புரிந்துவிட்டால் அப்புறம் அங்கே யாருக்கும் புரியும். கேட்கிற கேள்விகளை அன்றிரவே எழுதிவைக்கச் சொல். மறுநாள் பாதி மறந்துபோகும். வந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்பச் சொல், பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்